‘டைலர் தேவை’ போர்டில் இருக்கும் வைஃபை பாஸ்வேர்டு

திருப்பூரில் அனுப்பர்பாளையம், அங்கேரிபாளையம், பெருமாநல்லூர் ரோடு, அப்படியே அவிநாசி வரைக்கும் வீடுகளுக்கும், பனியன் தைத்துக் கொடுக்கும் சிறு பவர்டேபிள் கம்பெனிகளுக்கும் ஃபைபர் நெட் இணைப்பு கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் வேலை. எந்த நிறுவனத்துக்காக என்பது இங்கே முக்கியம் இல்லை. பல நிறுவனங்களின் பெட்டிகளையும் திறந்து பார்த்திருக்கிறேன், நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். கேபிள் டிவிக்கு ஒயர் இழுத்த காலத்திலிருந்து இதே தெருக்களில் கம்பம் ஏறுகிறவன் என்பதால், நிறைய வீடுகளில் என்னை வாசலில் நிறுத்தாமல் நேராக உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுப்பார்கள். அந்த உரிமையில்தான் வீட்டு வைஃபை பாதுகாப்பைப் பற்றி இதை எழுதுகிறேன்.

பெரும்பாலும் வருகிற புகார் இதுதான்: “நெட்டு சுத்திக்கிட்டே இருக்குதுங்க.” போனதும் முதலில் ஃபைபரைக் கழற்றிப் பவர் மீட்டரில் வெளிச்சத்தின் அளவைப் பார்ப்பேன். மைனஸ் 20 டிபிஎம் பக்கத்தில் காட்டினால் லைனில் குறை இல்லை. அப்புறம் வைஃபை தரும் பெட்டியான ரவுட்டருக்குள் நுழைந்து, யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறப்பேன். வீட்டில் இருப்பது நான்கு பேர், நான்கு போன், ஒரு டிவி. பட்டியலிலோ இருபத்தைந்து, முப்பது பெயர் ஓடும். ரெட்மி, விவோ, ஒப்போ, கேலக்ஸி என்று மாடல் பெயர்களாக வரும். வீட்டுக்காரரிடம் காட்டினால், “இதெல்லாம் யாரு தம்பி?” என்று என்னையே கேட்பார்.

அங்கேரிபாளையம் பக்கம் ஒரு காம்பவுண்டு. முன்னால் வீட்டுக்காரர் குடும்பம், பின்னால் எதிரெதிராக இரண்டு வரிசை லைன் வீடு, நடுவில் தண்ணீர்த் தொட்டி. வீட்டுக்காரம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. பேரன் லீவுக்கு வந்தால் படம் நின்று நின்று ஓடுகிறது என்று கூப்பிட்டிருந்தார்.

“பாஸ்வேர்டு யாருக்காச்சும் சொன்னீங்களாம்மா?”

“ஒரே ஒரு புள்ளைக்குத்தான் சாமி சொன்னேன். செக்கிங் வேலைக்குப் போற ஒரிசாப் பொண்ணு. அதோட அம்மாவை மூஞ்சி பார்த்துப் பேசோணும்னு கேட்டுச்சு. அதுக்குப் போயி முடியாதுன்னு சொல்ல முடியுமா?”

முடியாதுதான். நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனால் ஒரு போனுக்குச் சொன்னது அந்த ஒரு போனோடு நிற்பதில்லை. ஆண்ட்ராய்டு 10-லிருந்து, சேர்ந்திருக்கும் வைஃபையை க்யூஆர் கோடாகக் காட்டி அடுத்த போனுக்குக் கொடுக்கும் வசதி இருக்கிறது. பல போன்களில் அந்தக் கோடுக்குக் கீழேயே பாஸ்வேர்டும் எழுத்தாகத் தெரியும். அந்தப் பெண் பக்கத்து அறைத் தோழிக்குக் காட்டியிருப்பாள், தோழி தன் அண்ணனுக்குக் காட்டியிருப்பாள். வேலை மாறி வீட்டைக் காலி செய்து போனவர்களின் போனிலும் அது அப்படியே இருக்கும். அவர்கள் தெருவில் நடந்து போகும்போது போன் தானாகவே சேர்ந்துகொள்ளும். இதில் யாரையும் திருடன் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அத்தனை பேரும் ஊருக்குப் பேசுகிறார்கள், பாட்டுக் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. “அன்லிமிடெட்தானுங்க, போனாப் போகுது” என்பார்கள். வேகம் குறைவதைப் பற்றி நானும் பெரிதாகக் கவலைப்படவில்லை. என் கவலை வேறு.

உங்கள் வீட்டுக்குள் முப்பது போன் இருந்தாலும் வெளி உலகத்துக்கு அது ஒரே முகவரி, ஐபி முகவரி என்பார்கள். ஒவ்வொரு போனிலிருந்தும் போகிற தகவலை ரவுட்டர் வாங்கி, தன்னுடைய முகவரியைப் போட்டு வெளியே அனுப்புகிறது. பதில் வந்ததும் எந்த போனுக்கு உரியதோ அதற்குப் பிரித்துக் கொடுக்கிறது. அந்த முகவரி இந்த நேரத்தில் எந்த வாடிக்கையாளருடையது என்பது நிறுவனத்தின் பதிவில் இருக்கும். உள்ளே இருந்த முப்பது போனில் எது என்பது அந்தப் பதிவில் இருக்காது. போலீஸ் கேட்டால் கிடைப்பது ஒரே பெயர். இணைப்பு வாங்கும்போது ஆதார் நகலும் போட்டோவும் கொடுத்தாரே, அவருடைய பெயர்.

இது நம் நாட்டில் நடந்தது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர்ந்து குண்டுகள் வெடித்தன. வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னால் டிவி நிறுவனங்களுக்கு அதற்குப் பொறுப்பேற்று ஒரு மின்னஞ்சல் போனது. ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போன போலீஸ், நவி மும்பையில் ஒரு அமெரிக்கர் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில் போய் நின்றது. அவருடைய வயர்லெஸ் இணைப்பை வெளியாள் யாரோ பயன்படுத்தியிருக்கிறார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதற்குள் அந்த மனிதரின் பெயர் எல்லாச் செய்தியிலும் வந்துவிட்டது. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை வைஃபை பாதுகாப்பு பற்றி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவே போட்டது.

அவ்வளவு பெரிய விஷயம் நம் தெருவுக்கு வராது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண்ணின் படத்தை வைத்து மிரட்டும் செய்தி ஒன்று போதும். போலிக் கணக்கிலிருந்து பணம் பறிக்கும் ஒரு அழைப்பு போதும். நீங்கள் குற்றவாளி இல்லை என்பது கடைசியில் தெளிவாகிவிடும். ஆனால் ஷிப்மென்ட் நேரத்தில் கம்பெனிக் கம்ப்யூட்டரையும் போனையும் விசாரணைக்குக் கொடுத்துவிட்டு ஸ்டேஷன் படி ஏறி இறங்குவது ஒரு பவர்டேபிள் ஓனருக்கு என்ன பாடு என்று திருப்பூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, பாஸ்வேர்டுக்கு வருகிறேன். எனக்கு அதிகம் கோபம் வருகிற இடமும் இதுதான்.

புது இணைப்பு கொடுக்க வருகிறவர்கள் ஒரு நாளில் பல வீடு முடிக்க வேண்டும். அந்த அவசரத்தில் வைஃபைக்கு வீட்டுக்காரர் பெயரையோ கம்பெனி பெயரையோ வைப்பார்கள். பாஸ்வேர்டுக்கு அவருடைய செல் நம்பரைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். “மறக்காதுங்க, உங்க நம்பரேதான்” என்று சொன்னால் வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். ஆனால் அந்த நம்பர் எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். கம்பெனி வாசலில் தொங்கும் ‘ஓவர்லாக் டைலர் தேவை, செக்கிங் ஆட்கள் தேவை’ போர்டில் இருக்கிறது. கரண்ட் கம்பத்தில் ஒட்டின நோட்டீஸில் இருக்கிறது. டெம்போ கதவில், டெலிவரி சலானில், ‘லைன் வீடு வாடகைக்கு’ அட்டையில் இருக்கிறது. கம்பெனி பெயரில் ஒரு வைஃபை, வாசலில் அதே பெயரில் ஒரு போர்டு, போர்டின் கீழே பத்து இலக்கம். கம்ப்யூட்டர் தெரியாத ஆளுக்குக் கூட இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

போர்டே இல்லாத வீட்டுக்கும் செல் நம்பர் பாதுகாப்பு கிடையாது. ஏன் என்று தெரிய, உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது பெரும்பாலான ரவுட்டர்களில் ஓடுவது டபிள்யூபிஏ2 என்ற முறை. 2004-ல் வந்தது. போன் சேரும்போது பாஸ்வேர்டை அப்படியே காற்றில் அனுப்புவதில்லை. போனும் ரவுட்டரும் நான்கு செய்திகளைப் பரிமாறி, இருவருக்கும் ஒரே பாஸ்வேர்டு தெரியும் என்பதை அதைச் சொல்லாமலே உறுதி செய்துகொள்கின்றன. அந்த நான்கு செய்திகளைத் தெருவில் நிற்கும் ஒருவர் லேப்டாப்பில் பதிவு செய்துகொள்ள முடியும். ஒரு போன் சேரும் வரை காத்திருந்தால் போதும். அதற்கப்புறம் அவர் உங்கள் வீட்டுப் பக்கமே வர வேண்டாம். தன் வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டு, பதிவு செய்த செய்தியோடு பொருந்துகிறதா என்று கம்ப்யூட்டரை முயல விட்டுவிடலாம். பேங்க் ஆப் மாதிரி மூன்று முறை தப்பானால் பூட்டிக்கொள்வது இதில் இல்லை. முயல்வது உங்கள் ரவுட்டருக்குத் தெரியவே தெரியாது.

ஒவ்வொரு முயற்சியும் மெதுவாக நடக்க வேண்டும் என்பதற்காகவே, பாஸ்வேர்டை 4,096 சுற்று கணக்குப் போட்டுத்தான் சாவி உருவாகும்படி வைத்திருக்கிறார்கள். அப்படியும் கேம் விளையாட வாங்கும் ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு விநாடிக்கு நான்கு லட்சம் பாஸ்வேர்டு முயலும். அதைவிட வேகமான கார்டுகளும் உண்டு. இந்த நான்கு லட்சத்தை வைத்தே கணக்குப் போடுவோம். நம் நாட்டுச் செல் நம்பர் 6, 7, 8, 9 என்ற நான்கு எண்களில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி நம்பர். நான்கு லட்சத்தால் வகுத்தால் பத்தாயிரம் விநாடி, மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. எல்லா நம்பரும் முடிந்துவிடும். எட்டு இலக்கத்தில் என்ன எண் வைத்தாலும் நான்கு நிமிடம். பிறந்த தேதி என்றால் நூறு வருடத்துக்கும் சேர்த்து முப்பத்தாறாயிரம் சொச்சம் தேதிதான், ஒரு விநாடி கூட ஆகாது. வண்டி நம்பர் வைத்திருப்பவர்களும் நிறைய. டிஎன் 39-க்குப் பின்னால் இரண்டு எழுத்து, நான்கு இலக்கம் என்றால் பதினேழு விநாடி. குலதெய்வத்தின் பெயரோடு 123 சேர்ப்பது, பையன் பெயரோடு பிறந்த வருடம் சேர்ப்பது எல்லாம் முயல்கிறவர்களின் பட்டியலில் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

நான் இப்போது எல்லா வீட்டிலும் சொல்வது ஒன்றுதான். அன்றைய பேப்பரை எடுங்கள். கண்ணை மூடி ஐந்து வெவ்வேறு பக்கத்தில் விரலை வையுங்கள். விரல் பட்ட ஐந்து சொல்லையும் ஆங்கில எழுத்தில் வரிசையாக எழுதுங்கள். பாஸ்வேர்டு 8 எழுத்திலிருந்து 63 எழுத்து வரை இருக்கலாம், அதனால் இடம் இருக்கிறது. நுங்கு, ஏணி, மசோதா, புதன், சட்டுவம் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் வரும். இதையே வைத்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு விழுவதை வையுங்கள். இரண்டாயிரம் சொல் உள்ள ஒரு பட்டியலிலிருந்துதான் எடுத்தீர்கள் என்று எதிராளிக்குத் தெரிந்திருந்தாலும், ஐந்து சொல்லையும் முழுதாக முயன்று முடிக்க அதே கார்டுக்கு இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆகும். ஸ்டார், ஹாஷ் எல்லாம் தேவையே இல்லை. டிவி ரிமோட்டில் அவற்றைத் தேடி டைப் செய்யும் கஷ்டத்தில்தான் நிறையப் பேர் பழையபடி செல் நம்பருக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

2018-ல் டபிள்யூபிஏ3 வந்தது. அதில் இந்த மாதிரிப் பதிவு செய்துகொண்டு போய் வீட்டில் முயல்வது நடக்காது. உங்கள் ரவுட்டரில் அந்த வசதி இருந்தால் டபிள்யூபிஏ2-வும் 3-ம் சேர்ந்த கலப்பு முறையில் வையுங்கள். 3 மட்டும் வைத்தால் பழைய டிவியும் கேமராவும் சேராது. கலப்பில் வைத்தால் பழைய கருவிகள் 2-ல்தான் சேரும் என்பதால் நீளமான பாஸ்வேர்டு அப்போதும் தேவை.

எவ்வளவு நல்ல பாஸ்வேர்டு வைத்தாலும் அதைச் சும்மா ஆக்கிவிடும் ஒரு பட்டன் பெட்டியிலேயே இருக்கிறது. டபிள்யூபிஎஸ் என்று எழுதியிருக்கும். பட்டனை அழுத்தினால் பாஸ்வேர்டு இல்லாமலே போன் சேர்ந்துகொள்ளும். அதே வசதிக்கு எட்டு இலக்கப் பின் நம்பர் ஒன்றும் உண்டு. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி வாய்ப்பு என்று நினைப்போம். ஸ்டெஃபான் ஃபீபாக் என்ற ஆய்வாளர் 2011 டிசம்பரில் அதன் ஓட்டையை வெளியிட்டார். ரவுட்டர் அந்த எட்டை இரண்டு பாதியாகப் பிரித்து, முதல் பாதி சரியா என்று தனியாகவே பதில் சொல்லிவிடுகிறது. முதல் நான்கு இலக்கத்துக்கு 10,000 வாய்ப்பு. இரண்டாம் பாதியில் கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்குப் போட்டு வருவது, ஆகவே 1,000 வாய்ப்பு. மொத்தம் 11,000 முயற்சியில் கதவு திறந்துவிடும். புதிய பெட்டிகளில் இதற்குத் தடுப்பு வைத்திருக்கிறார்கள் என்றாலும், இங்கே வீடுகளில் இருக்கும் எல்லாமே புதிய பெட்டி இல்லை. செட்டிங்கில் டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். அதை அணைத்ததால் எங்கள் லைனில் எந்த வீட்டிலும் எந்த வேலையும் கெடவில்லை.

அடுத்தது பெட்டிக்குள் நுழையும் பாஸ்வேர்டு. வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. போனில் ப்ரவுசரைத் திறந்து 192.168.1.1 என்று அடித்தால் பல பெட்டிகளில் உள்ளே போகும் பக்கம் வரும். பெட்டியின் அடியில் ஒட்டின ஸ்டிக்கரிலும் இந்த முகவரி இருக்கும். பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின் என்று இன்னும் எத்தனையோ வீட்டில் இருக்கிறது. வைஃபையில் சேர்ந்த எவரும் இதன் வழியாக உள்ளே போய் எதையும் மாற்றலாம். அதில் மோசமானது, தளத்தின் பெயரை அதன் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றுவது. பேங்க் பெயரை நீங்கள் சரியாகவே டைப் செய்தாலும் வேறு இடத்துக்குக் கூட்டிப்போகும் வேலை அது. 2011-ல் பிரேசிலில் லட்சக்கணக்கான மோடம்களில் இப்படி மாற்றி மக்களின் பேங்க் விவரங்களைத் திருடினார்கள். சில நிறுவனங்களின் பெட்டியில் வாடிக்கையாளரை உள்ளே விடமாட்டார்கள். அந்த வீடுகளில் லைன்மேனைக் கூப்பிட்டு மாற்றித் தரச் சொல்லுங்கள். வெளியிலிருந்து பெட்டியைத் திறக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் வசதி ஓடுகிறதா என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

தோட்டத்து வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவிநாசி தாண்டினால் சுற்றிலும் விவசாயக் காடு, நடுவில் ஒற்றை வீடு. பக்கத்து வீடு என்பதே அரை கிலோமீட்டர் தள்ளி. அங்கே யார் வந்து வைஃபை திருடப் போகிறார்கள் என்று தோன்றும். ஆனால் இந்தப் பக்கம் தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த பெரியவர்களைக் குறிவைத்து நடந்த கொள்ளைகளையும் கொலைகளையும் நாம் மறந்துவிட முடியாது. அந்தப் பயத்தில்தான் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கேமரா வைத்துக் கொடுத்து, போனில் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். கேமராவின் படம் அவர்களுக்குப் போவது இந்த ரவுட்டர் வழியாகத்தான். ரவுட்டரில் அட்மின் என்றும், கேமராப் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆரில் 12345 என்றும் பாஸ்வேர்டு இருந்தால், வைஃபையில் நுழைந்தவனுக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள், எப்போது விளக்கை அணைக்கிறார்கள் என்பது எல்லாம் தெரியும். கேமராவை நிறுத்தவும் முடியும்.

வெளிநாட்டுப் பிள்ளைக்குப் படம் தெரிய வேண்டும் என்று கேமரா மாட்டுகிறவர்கள் ரவுட்டரில் வெளியிலிருந்து நேராக உள்ளே வரும் வழியை, அதாவது போர்ட்டை, திறந்துவிட்டுப் போவதையும் பார்க்கிறேன். அப்படித் திறந்தால் அந்த டிவிஆர் உலகம் முழுக்கத் தெரியும். 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல் பரவியது இந்த வழியில்தான். தயாரிப்பாளர்களே வைத்து அனுப்பின பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சம் அதன் கையில் இருந்தன. அவற்றை மட்டும் முயன்றே லட்சக்கணக்கான கேமரா, டிவிஆர், ரவுட்டர்களைப் பிடித்தது. அந்த வருடம் அக்டோபரில் அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பல மணி நேரம் திறக்காமல் போனது அந்தக் கருவிகளை வைத்து நடத்திய தாக்குதலால்தான். போர்ட் திறக்காமலே தயாரிப்பாளரின் ஆப் வழியாகப் பார்க்கும் கேமராக்கள் இப்போது நிறைய வருகின்றன. அதை வைத்து, டிவிஆரின் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு வாருங்கள். தோட்டத்து வீட்டுக்கு நான் போனால் இதைப் பார்க்காமல் கிளம்புவதில்லை.

வீணான வேலை இரண்டு உண்டு, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். முதலாவது வைஃபை பெயரை மறைப்பது. மறைத்தால் ரவுட்டர் பெயரைச் சொல்லாது, ஆனால் சேர்வதற்காக உங்கள் போன் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். கேட்கத் தெரிந்தவருக்கு அது போதும். இரண்டாவது மேக் ஃபில்டர், அதாவது இந்த இந்தக் கருவிகளை மட்டும் சேர்ப்பது என்ற பட்டியல். ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்ணான மேக் முகவரி ஒவ்வொரு தகவலின் மேலும் பூட்டு இல்லாமல் வெளிப்படையாகப் போகிறது. பார்த்து, அதையே தன் லேப்டாப்புக்கு வைத்துக்கொள்வது எளிது. போதாததற்கு ஆண்ட்ராய்டு 10-ம் ஐஓஎஸ் 14-ம் வந்ததிலிருந்து போன்கள் உண்மையான மேக் முகவரிக்குப் பதில் மாற்று முகவரியைக் காட்டுகின்றன. பட்டியல் போட்ட வீடுகளில் வெளியாள் நிற்கவில்லை, வீட்டுப் பெண்ணின் புதுப் போன்தான் சேராமல் நின்றது.

இனி லைன் வீட்டுக்கு வருகிறேன். பூட்டுவது எப்படி என்று இவ்வளவு எழுதினாலும், ஊரை விட்டு வந்து இங்கே தைக்கிற, அயர்ன் போடுகிற பிள்ளைகளுக்கு நெட் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒடிசா, பீகார் பிள்ளைகளானாலும், தேனி, திண்டுக்கல் பிள்ளைகளானாலும் ராத்திரி எட்டரைக்கு மேல் அம்மாவோடு பேசுகிற அந்த அரை மணி நேரம் அவர்களுக்கு எவ்வளவு பெரியது என்பதை லைன் வீட்டு நடையில் நின்று பார்த்திருக்கிறேன். கொடுங்கள், ஆனால் தெரிந்து கொடுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் என்று இரண்டாவது வைஃபை ஒன்றைத் தனிப் பெயரில், தனிப் பாஸ்வேர்டில் வைக்கலாம். அதில் சேர்ந்தவர்களுக்கு நெட் கிடைக்கும். உங்கள் கம்ப்யூட்டர், டிவிஆர், கணக்கு மென்பொருளான டேலி ஓடும் சிஸ்டம் எதுவும் அவர்களுக்குத் தெரியாது. சில பெட்டிகளில் அதற்கு வேக வரம்பும் நேர வரம்பும் வைக்கலாம். வாடகை வாங்கும் அன்றைக்குக் கெஸ்ட் பாஸ்வேர்டை மாற்றி, குடியிருப்பவர்களுக்கு மட்டும் புதிதாகச் சொல்லுங்கள். காலி செய்து போனவர்களின் போன் தானாகக் கழன்றுவிடும்.

ஆனால் கெஸ்ட் வழியாகப் போவதும் வெளியே உங்கள் முகவரியில்தான் போகும் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பத்து அறைக்கு மேல் இருக்கும் காம்பவுண்டுகளில், குடியிருப்பவர்களே ஒருவர் பெயரில் இணைப்பு எடுத்துப் பங்கு போட்டுக்கொள்வது நல்லது. அங்கேரிபாளையம் அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். அவர் பின்வரிசைப் பிள்ளைகளைத் தொட்டியருகே கூப்பிட்டு, “என்ற பேர்ல வர்ற நெட்டு கண்ணு, பேச்சுக்கு வெச்சுக்கோங்க, வேண்டாத வேலை பண்ணாதீங்க” என்று அவரே சொன்னார். அவர்களும் சரியென்று கேட்டுக்கொண்டார்கள். இப்போது அந்தக் காம்பவுண்டில் இரண்டு வைஃபை ஓடுகிறது, பேரனுக்குப் படம் நிற்பதும் இல்லை.

பழைய ரவுட்டரை மாடிக்கோ கட்டிங் ஹாலுக்கோ சிக்னலை நீட்டிக்கும் ரிப்பீட்டராக மாட்டியிருப்பவர்கள் அதையும் பாருங்கள். கீழே இருக்கும் புதுப் பெட்டியில் எல்லாம் சரியாக இருக்கும், மேலே இருக்கும் பழையதில் டபிள்யூபிஏவுக்கு முந்தைய டபிள்யூஇபி ஓடும். அந்த முறை 2001-லேயே உடைக்கப்பட்டுவிட்டது. பழைய பெட்டியில் டபிள்யூபிஏ2-வும் அதன் ஏஇஎஸ் பூட்டு முறையும் வைக்க முடியவில்லை என்றால் அதைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வாங்குங்கள். அப்டேட்டும் அப்படியே. 2017-ல் மாத்தி வான்ஹூஃப் என்ற பெல்ஜிய ஆய்வாளர் டபிள்யூபிஏ2-விலேயே ஒரு ஓட்டை கண்டுபிடித்தபோது, அப்டேட் வந்த கருவிகள் தப்பித்தன. அப்டேட் நின்றுபோன பெட்டிகளுக்கு வழி இல்லை.

மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. பின்னால் ஊசித் துளை மாதிரி இருக்கும் ரீசெட் பட்டனைக் குத்தாதீர்கள். ஃபைபர் பெட்டியில் அதைக் குத்தினால் எங்கள் பக்கத்து லாகின் விவரமும் சேர்ந்து அழிந்து, நெட்டே நின்றுவிடும். அதனால்தான் பெட்டியை வாசல் நடையில், கை எட்டும் உயரத்தில் வைக்க வேண்டாம் என்கிறேன். பாஸ்வேர்டு மாற்றியதும் டிவி, கேமரா, இன்வெர்ட்டர், பார்கோடு பிரிண்டர் எல்லாவற்றிலும் மறுபடி போட வேண்டும். ஆகையால் கம்பெனி லீவான ஞாயிற்றுக்கிழமையில் உட்காருங்கள். புதுப் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, இபி கார்டு வைக்கும் கவரில் போட்டு வையுங்கள். பீரோவுக்குள் இருக்கும் தாளைத் தெருவில் நிற்பவன் படிக்க முடியாது. உங்கள் இணைப்பை வைத்து யாராவது மோசடி செய்ததாகத் தெரிந்தால் 1930-க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், சைபர் குற்றங்களுக்கான உதவி எண் அது.

என்னோடு லைனில் வேலை செய்கிற தம்பிகளுக்கும் ஒன்று. புது இணைப்பு கொடுக்கும்போது செல் நம்பரைப் போட்டுவிட்டு வராதீர்கள். பத்து நிமிடம் கூட ஆகட்டும். டபிள்யூபிஎஸ்ஸை அணைத்து, அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, வைஃபை பாஸ்வேர்டு போடும் இடம் வரும்போது லேப்டாப்பை வீட்டுக்காரர் பக்கம் திருப்பிவிடுங்கள். அவரே டைப் செய்யட்டும். நாம் அந்த நேரத்தில் வெளியே போய், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ட்ராப் கேபிளுக்கு க்ளிப் அடித்துக்கொண்டிருக்கலாம்.